ஹாஸ்டலுக்குக் கணினி கொண்டு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. பிள்ளை கோப்பேங் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போனாலும், ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக்குக்குப் போனாலும், தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்துக்கோ பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கோ போனாலும் சந்தேகம் மாறுவதில்லை. பல வீடுகளில் கணினி ஒரே ஒரு முறை வாங்குகிற பொருள். படிப்பு முடியும்வரை அது உழைக்க வேண்டும். பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வீட்டுல ஏற்கெனவே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. அதையே தூக்கிட்டுப் போனா என்ன?

பெரும்பாலானவர்களுக்கு மடிக்கணினிதான் சரி. ஹாஸ்டல் அறையில் இரண்டிலிருந்து நான்கு பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சின்ன மேசை. குழு வேலைக்கு நூலகம் போக வேண்டும், பிரசன்டேஷனுக்கு வகுப்புக்குக் கொண்டு போக வேண்டும். பல ஹாஸ்டல்களில் நீண்ட விடுமுறைக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்போது ரயிலில் பெட்டியும் திரையும் சேர்த்துத் தூக்குவது பெரும்பாடு.

கட்டடக்கலை, காணொளித் தொகுப்பு மாதிரியான படிப்பு என்றால் மேசைக் கணினிக்கு நியாயம் உண்டு. அதே விலைக்கு வேகம் கூடுதல், பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். கொண்டு போவதாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். அது கனமானது, கார் குலுங்கும்போது தாய்ப்பலகையின் (மதர்போர்டின்) செருகுமிடத்தை உடைத்துவிடும். பெட்டியைப் படுக்கவைத்து, தாய்ப்பலகை அடிப்பக்கமாக இருக்கும்படி பின் இருக்கையில் வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் விசிறியோடு கூடிய கூலரின் எடை பக்கவாட்டில் இழுக்கும்.

எவ்வளவு ரேம், எவ்வளவு ஸ்டோரேஜ் வேணும்? கடைக்காரர் சொல்றது ஒண்ணும் புரியல.

ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம். அது 8 ஜிபிக்குக் குறையவே கூடாது; 16 ஜிபி கிடைத்தால் படிப்பு முடியும்வரை கவலை இல்லை. கோப்புகள் தங்கும் சேமிப்பு, எஸ்எஸ்டி என்ற வேகமான வகையாக இருக்க வேண்டும்: குறைந்தது 256 ஜிபி, முடிந்தால் 512. மலிவு விலையில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்போடு வரும் மாடல்களைத் தொடாதீர்கள். விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போதே இடம் நிரம்பி, இரண்டாம் பருவத்திலேயே நகராமல் நிற்கும். பிராசஸர் கோர் ஐ5 அல்லது ரைசன் 5 வரிசை போதும். திரை 14 அங்குலம், எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் தினமும் தூக்கிப் போக முடியும்.

கடையில் கட்டாயம் கேட்க வேண்டியது: ரேம் பலகையோடு ஒட்டப்பட்டதா, பிறகு கூட்ட முடியுமா? கூட்ட முடியும் என்றால் இப்போது 8 ஜிபி வாங்கி, கையில் காசு சேர்ந்ததும் ஒரு பட்டை போட்டுக்கொள்ளலாம். ஒட்டப்பட்டது என்றால் வாங்கும்போதே 16 எடுங்கள்.

மெக்புக் நல்லா உழைக்கும்னு சொல்றாங்களே?

நன்றாகவே உழைக்கும். ஆனால் முதலில் துறையில் கேளுங்கள். இயந்திரப் பொறியியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கணக்கியல் வகுப்புகளிலும் விண்டோஸுக்கு மட்டுமே வரும் மென்பொருள் இருக்கலாம். கல்வியியல், மொழி, ஊடகம் என்றால் சிக்கல் வராது.

செகன்ட் ஹேண்ட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?

வாங்கலாம். அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள், புதிதாக வரும் மலிவு மாடல்களைவிடக் கட்டுறுதியானவை. முதலில் பிராசஸர் எண்ணைப் படியுங்கள். இன்டெல் ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. ஐ5-1135 என்றால் 11ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்தும், மடிக்கணினிகளில் ரைசன் 3000 வரிசையிலிருந்தும்தான் முறையாக ஏறும். ஆறாம், ஏழாம் தலைமுறை எந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அரை மணி நேரமாவது கையில் வைத்துச் சோதியுங்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்துக் காணொளி ஓட விடுங்கள். அரை மணியில் 30 விழுக்காடு இறங்கினால் பேட்டரி போய்விட்டது. புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து திரையில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகுங்கள். மூடித் திறக்கும்போது கீல் பக்கம் 'டக்' என்று சத்தம் வந்தால் உடல் விரிசல் விட்டிருக்கலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. விற்பவர் முன்னிலையிலேயே கணினியை முழுக்க அழித்து, புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். இணையத்தில் இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலைக் கேட்டால், அந்த எந்திரம் இன்னும் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. உங்களால் அதைத் திறக்க முடியாது. மெக்புக்கில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டும் இதே கதைதான்.

ஊர்ல வாங்கறதா, ஈப்போவா, லோ யாட்டா, ஆன்லைனா?

விலையைப் பார்க்கும் முன் உத்தரவாதத்தைப் பாருங்கள்: பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டு போக வேண்டும்? கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கொஞ்சம் மலிவாக வாங்கிவிட்டு, பெட்டிக்கடை மாதிரியான ஒரு கடையின் சொந்த உத்தரவாதத்தை நம்பி, பருவத்தின் நடுவில் பீடோங்கிலிருந்து பஸ் ஏறுவது லாபமில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதம், அதுவும் படிக்கப் போகும் ஊருக்குப் பக்கத்தில் சேவை மையம் இருந்தால் எங்கு வாங்கினாலும் சரி.

ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்; வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். கடை ஏமாற்றினால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான வழக்கை 5 வெள்ளிக் கட்டணத்தில் வக்கீல் இல்லாமல் அங்கே போடலாம். பெற்றோர் வருமான வரி கட்டுகிறவர் என்றால், பிள்ளைக்கு வாங்கிய கணினியை வாழ்க்கைமுறை வரிவிலக்கில் காட்டலாம். புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து அதன் உச்சவரம்பு 2,500 வெள்ளி.

பிடிபிடிஎன் கல்விக் கடன் காசு வந்ததும் வாங்கிக்கலாமா?

அதை நம்பி இருக்க வேண்டாம். கடன் ஒப்பந்தம் முடிந்து, கல்விக்கூடம் பதிவை உறுதி செய்த பிறகுதான் பொதுவாகப் பணம் ஏறும். முதல் ஒப்படைப்புகள் அதற்கு முன்பே வந்துவிடும். 55 வயதுக்குட்பட்ட பெற்றோருக்கு இபிஎப் எனும் ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. அதிலிருந்து குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தவணையில் வாங்கினால் மாதத் தொகையைப் பார்த்து ஏமாறாமல், அதைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கி மொத்தத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரொக்க விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி.

ஹாஸ்டல்ல பதிவு செய்யணுமாமே? செய்யாட்டி என்ன ஆகும்?

பல ஹாஸ்டல்கள் மின்சாதனங்களைப் பதியச் சொல்லி, ஸ்டிக்கர் கொடுக்கும். சில இடங்களில் பருவத்துக்கு ஒரு சிறு கட்டணமும் உண்டு. விதி இடத்துக்கு இடம் மாறும், ஆகவே சேர்க்கைக் கடிதத்தோடு வரும் ஹாஸ்டல் கையேட்டை வாசியுங்கள். திடீர்ச் சோதனையில் ஸ்டிக்கர் இல்லாத பொருளைப் பறிமுதல் செய்யப் பல இடங்களில் வார்டனுக்கு அதிகாரம் உண்டு. தேர்வு வாரத்தில் அப்படி நடந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பதிவுக்கு வரிசை எண் கேட்பார்கள். அது கணினியின் அடிப்பக்கம் இருக்கும். அதையும் ரசீதோடு படம் எடுத்து வையுங்கள்.

அறையில ஒரே ஒரு பிளக் பாயிண்ட். நாலு பேர் எப்படிப் பகிர்ந்துக்கறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 2,990 வாட். நான்கு மடிக்கணினி 65 வாட் வீதம் 260. நான்கு கைப்பேசிக்கு 100 வைத்துக்கொள்ளுங்கள், மேசை விசிறிக்கு 50. மொத்தம் 500 வாட்கூட வரவில்லை. கணினிகளால் ஆபத்து இல்லை. அதே நீட்டிப்பு வயரில் யாரோ ஒருவர் 2,000 வாட் கேத்தலையும் இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியையும் செருகும்போதுதான் வயர் உருகுகிறது. ஹாஸ்டல்கள் கேத்தலையும் சோற்றுப் பானையையும் தடை செய்வதற்குக் காரணமே இதுதான்.

நீட்டிப்பு வயரில் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்க வேண்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் முத்திரை இல்லாத வயரில் உள்ளே இருக்கும் செம்பு மெலிதாக இருக்கும். சுருட்டிய வயரை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே இருந்தால் வெப்பம் வெளியேறாது. ஒரு நீட்டிப்பில் இன்னொன்றைச் செருகாதீர்கள். இரட்டை முனைப் பிளக்கை நுழைக்க மேல் துளையில் பேனாவைக் குத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உருண்டை முனை அந்தச் செவ்வகத் துளையில் இறுகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் பொறி பறக்கும், பிளக் கருகும். ஃபியூஸ் உள்ள மூன்று முனை அடாப்டர் சில வெள்ளிக்கே கிடைக்கும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது லெப்டாப்பைத் தொட்டா சுள்ளுன்னு இருக்கு. ஷாக்கா?

உலோக உடல் உள்ள கணினிகளில் இது வரும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். எர்த் இணைப்பு இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால் உங்கள் கைவழியே போகப் பார்க்கும். முதலில் மேலே சொன்ன இரட்டை முனை வித்தை நடக்கிறதா பாருங்கள். சார்ஜருக்கு மூன்று துளை வயர் வருமானால் அதையே போடுங்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு துளை வயரோடு வரும் சார்ஜர்களில் லேசான கூச்சம் இயல்பு.

சரியான மூன்று முனை வயரைப் போட்ட பிறகும் சுள்ளென்றால், சுவரில் உள்ள பிளக்கின் எர்த் அறுந்திருக்கலாம். அது ஹாஸ்டல் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் செய்ய வேண்டிய விஷயம். அறையில் உள்ள எல்லோருக்கும் அது உயிர் பிரச்சினை.

இடி மின்னல் அடிச்சா சர்ஜ் ப்ரொடக்டர் காப்பாத்துமா?

சின்ன அலைகளைத் தடுக்கும். பக்கத்தில் விழும் மின்னலை எந்த வயரும் தடுக்காது. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் மாலை இடி அன்றாட விஷயம். இடிச் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது. சுவரிலிருந்து வரும் இணைய வயரையும் பிடுங்குங்கள். பலர் மறப்பது அதைத்தான். மதிய வகுப்புக்குப் போகும்போது பிடுங்கிவிட்டே போங்கள். சர்ஜ் வயரில் காப்பு விளக்கு அணைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பாகம் செத்துவிட்டது. அது இனி வெறும் நீட்டிப்பு வயர்தான்.

எறும்பு உள்ளே போயிடுச்சு! மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். பூச்சி மருந்தின் எண்ணெய்ப் பசை விசைகளிலும் திரையிலும் படிந்து தூசியை இழுக்கும், எரியக்கூடியதும்கூட. கணினியை அணைத்து, இடத்தை மாற்றி, மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். எறும்பு வரும் வழியில், கணினியிலிருந்து தள்ளி, ஜெல் மருந்து வையுங்கள். முட்டையோடு குடியேறிவிட்டால் கடையில் திறந்து சுத்தம் செய்வதுதான் வழி. முறுக்கு, பிஸ்கட் தூள் விசைப்பலகையில் விழுவதே பெரும்பாலும் தொடக்கம்.

வெப்பமும் இதே மாதிரி எதிரிதான். மெத்தைமேல் வைத்தால் அடியில் காற்று உறிஞ்சும் துளை அடைபடும். விசிறி அலறும், வேகம் தானாகக் குறையும். பின்பக்கம் இரண்டு போத்தல் மூடியை வைத்துத் தூக்கினாலே பல டிகிரி இறங்கும்.

எப்பவும் சார்ஜ்ல போட்டு வெச்சா பேட்டரி போயிடுமா?

நூறு விழுக்காட்டிலேயே சூடாக இருப்பதுதான் பேட்டரியைக் கெடுக்கும். பெரும்பாலான கணினிகளின் சொந்த அமைப்புச் செயலியில் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் செருகி வையுங்கள். தொடுபலகை மேலே எழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

மைலோ கொட்டிடுச்சு. அரிசியில போட்டு வைக்கலாமா?

அரிசியால் பயனில்லை. முதல் பத்து விநாடிதான் முக்கியம்: பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள், திறந்த நிலையிலேயே கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். முடி உலர்த்தும் எந்திரத்தைக் காட்டாதீர்கள். அது திரவத்தை இன்னும் உள்ளே தள்ளும். 'ஓடுதா பார்ப்போம்' என்று ஒரு முறை போட்டுப் பார்ப்பதே பல பலகைகளைச் சுட்டுவிடுகிறது. வெறும் தண்ணீரைவிட மைலோ, தே தாரிக் மோசம். பாலும் சீனியும் காய்ந்து தங்கி, செம்புத் தடங்களை அரிக்கும். மறுநாளைக்குள் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

வைஃபை கிடைக்குது, ஆனா ராத்திரி சுத்திக்கிட்டே இருக்கு. சொந்த ரௌட்டர் வைக்கலாமா?

இரவு 9 மணியிலிருந்து நள்ளிரவு வரை எல்லா ஹாஸ்டலிலும் நெரிசல்தான். அறையில் இணைய வயர் துளை இருந்தால் 5 அல்லது 10 மீட்டர் நீள கேட்5இ வகை இணைய வயர் ஒன்று வாங்குங்கள். மெலிந்த கணினியில் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி ஈதர்நெட் மாற்றி வேண்டும். ரௌட்டரைப் பல ஹாஸ்டல்கள் தடை செய்கின்றன, காரணத்தோடுதான். சுவர் வயரைத் தவறான துளையில் செருகினால் உங்கள் ரௌட்டர் மாடி முழுவதற்கும் பொய்யான முகவரி கொடுக்க ஆரம்பித்து, எல்லோருடைய இணையமும் போய்விடும்.

கல்விக்கூடங்களின் பொது வைஃபையான எடுரோமில் நுழைய முடியவில்லை என்றால் பெரும்பாலும் தவறு பயனர் பெயரில் இருக்கும். மாணவர் எண் மட்டும் போதாது. அதற்குப் பின் '@' குறியோடு வரும் கல்விக்கூட முகவரியையும் சேர்த்து முழுதாக அடிக்க வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தும்போது அந்த இணைப்பை விண்டோஸில் மீட்டர்ட் (தரவு அளவு உள்ள இணைப்பு) என்று குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரே புதுப்பிப்பில் மாதத் தரவு காலி.

விடுமுறையில வீட்டுக்கு வந்தா தோட்டத்துல லைன் இல்ல. வேலை எல்லாம் கிளவுட்ல மாட்டிக்குது.

செம்பனைக்குள் இருக்கும் லயத்து வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் ஒரு கோப்பு தெரிகிறது என்பதால் அது கணினிக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கத்தில் மேகக் குறி இருந்தால் இணையம் இருந்தால்தான் திறக்கும். ஹாஸ்டலை விட்டுக் கிளம்பும் முன்நாள், தேவையான கோப்புறையை (ஃபோல்டரை) வலது சொடுக்கி 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை வட்டத்தில் டிக் குறி வரும்வரை காத்திருங்கள். விரிவுரைக் காணொளிகளையும் விண்டோஸ் புதுப்பிப்பையும் அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் மென்பொருளுக்குக் காசு கொடுக்கணுமா? பத்து வெள்ளிக்கு கீ விக்கறாங்களே?

வாங்காதீர்கள். பல கல்விக்கூடங்கள் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365ஐ இலவசமாகத் தருகின்றன. முதல் வாரத்திலேயே கணினிப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டால் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. உடைத்த மென்பொருளோடு வரும் நச்சு நிரல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்.

தமிழ்ல எப்படித் தட்டச்சு செய்யறது? அச்சுக்கடையில கொடுத்தா கட்டம் கட்டமா வருது.

விண்டோஸ் அமைப்பில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ் 99 அல்லது அஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். மெக்கில் இவை நெடுங்காலமாகவே உள்ளன. அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். ரோமன் எழுத்தில் பழகியவருக்கு அஞ்சல் எளிது. நிறைய எழுதப் போகிறவர் தமிழ் 99ஐப் பழகினால் சில வாரங்களில் வேகம் பிடிக்கும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

கட்டம் வருவது அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால். எப்போதும் பிடிஎஃப் ஆக மாற்றியே கொடுங்கள். பென்டிரைவில் கொடுக்காமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அச்சுக்கடைக் கணினிகளில்தான் கோப்புறைகளை எல்லாம் குறுக்குவழிக் குறிகளாக மாற்றும் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது.

பென்டிரைவ்ல ஒரு காப்பி வெச்சிருக்கேன். போதாதா?

போதாது. பென்டிரைவ் தொலையும், திடீரென்று சாகும். பலர் அதைக் கணினிப் பையிலேயே வைப்பதால் இரண்டும் சேர்ந்தே களவு போகும். மூன்று பிரதி வேண்டும்: கணினியில் ஒன்று, கிளவுடில் ஒன்று, அலமாரியில் பூட்டி வைத்த வெளி எஸ்எஸ்டியில் ஒன்று. கடைசியதை வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட கிழமையில் எடுங்கள். ஆய்வேடு எழுதும் பருவத்தில் தினமும். திருட்டு நடந்தால் வார்டனிடமும் போலீசிலும் புகார் கொடுக்க, முன்பு எடுத்து வைத்த ரசீதும் வரிசை எண்ணும் உதவும்.

கம்ப்யூட்டர் திடீர்னு நீலத் திரையில 48 இலக்க எண்ணைக் கேக்குது. வைரஸா?

வைரஸ் இல்லை, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே சேமிப்பு தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகோ தாய்ப்பலகையை மாற்றிய பிறகோ அது மீட்பு எண்ணைக் கேட்கும். எண் எந்தக் கணக்கில் முதலில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் அக்கணக்கைத் திறந்து சாதனங்கள் பகுதியில் பார்க்கலாம். எண் கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் கோப்புகளை மீட்க முடியாது.

இங்கேதான் பலர் விழும் குழி. புதுக் கணினியை மாணவர் மின்னஞ்சலால் தொடங்கியிருப்பார்கள். படிப்பு முடிந்து சில மாதங்களில் அந்த மின்னஞ்சல் மூடப்படும். மீட்பு எண்ணும் ஒன்டிரைவ் கோப்புகளும் அதோடு போய்விடும். ஆகவே கணினியைச் சொந்த மின்னஞ்சலால் தொடங்குங்கள், மாணவர் கணக்கை ஆபீஸுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வீட்டில் வையுங்கள். கடைசிப் பருவம் தொடங்கியதுமே மாணவர் ஒன்டிரைவில் உள்ளதை வெளி எஸ்எஸ்டிக்கு மாற்ற ஆரம்பியுங்கள். பட்டமளிப்பு வரை தள்ளிப்போட வேண்டாம்.